செட்டிநாட்டு வீட்டில் ஒரு ராத்திரி: சாப்பாடு முழுசு, தண்ணிக் கதை பாதி

காரைக்குடியிலிருந்து காரில் அரை மணி தூரம். ஓட்டல் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்கள் தலையில் விடிய வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேல் ஆன வீடு. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் போய் முடியும். இப்போது அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். எங்களுக்குக் கல்யாணமாகி 35 வருஷம் ஆனதற்கு மகள் புக் பண்ணிக் கொடுத்தாள். ஒரு ராத்திரிக்குக் காலைச் சாப்பாடு சேர்த்து 7,500 ரூபாய். மதியச் சாப்பாடு தனி. அப்புறம் 'மரபு நடை' என்று ஒன்று, ஆளுக்கு 600, இரண்டு மணி நேரம் வீட்டையும் ஊரையும் சுற்றிக் காட்டிக் கதை சொல்கிறார்கள். இந்த விமர்சனம் முக்கால்வாசி அந்த நடையைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் இப்படிப் பார்த்தேன் என்று உங்களுக்குப் புரியாது. சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஊர்க்காரர்களுக்கு நான் 'சானிட்டரி'. எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்துக்கு முன்னால் சாக்கடையைத்தான் பார்ப்பேன் என்று என் மனைவி சொல்வாள். பொய் இல்லை.

முதலில் சாப்பாடு. குறையே கிடையாது. வாழை இலையில் உப்புக்கறி, நண்டு ரசம், வாழைப்பூ வடை, வெண்டைக்காய் மண்டி. மண்டி என்பது அரிசி கழுவின தண்ணியில் புளி கரைத்து வைக்கிறது, வெளியூர் ஓட்டல்களில் அந்தத் தண்ணியைக் கொட்டிவிட்டு வேறு என்னவோ கலந்து மண்டி என்று பெயர் வைக்கிறார்கள், இங்கே அப்படியில்லை, வாயில் வைத்ததுமே தெரிந்தது. சாயங்காலம் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும். பணியாரம் ஓரத்தில் முறுகல், நடுவில் பஞ்சு. மனைவி ஆறு சாப்பிட்டாள், நான் எண்ணவில்லை. ராத்திரி இனிப்புக்குக் கவுனி அரிசி. சமையலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கலாம்.

அறையும் சரிதான். ஆத்தங்குடிக் கல் தரை, மத்தியான வெயிலிலும் பாதத்துக்கு ஜில்லென்று இருக்கிறது. பர்மாத் தேக்குக் கட்டில். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசின சுவர், கையை வைத்தால் கண்ணாடி மாதிரி. ஆனால் வளவு முற்றத்தில் அழகுக்காக ஒரு வெண்கல உருளி வைத்து, தண்ணி நிரப்பி, செம்பருத்தி மிதக்க விட்டிருந்தார்கள். எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நான் குனிந்து பூவை ஒதுக்கிப் பார்த்தேன். கொசுப்புழு, இருபது முப்பது இருக்கும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிகிறது. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை வைக்காது, இந்த மாதிரி நல்ல தண்ணியைத்தான் தேடும். ரிசப்ஷன் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சார், நேத்துதான் மாத்தினோம்" என்றான். நேற்று மாற்றின தண்ணியில் அவ்வளவு பெரிய புழு வராது தம்பி, ஆறேழு நாள் ஆகியிருக்கும் என்றேன். கொண்டுபோய்க் கொட்டிவிட்டான். அதற்கு நன்றி.

சரி, நடைக்கு வருகிறேன்.

கூட்டிப் போனவர் சின்னப் பையன், வரலாறு படித்தவர், பேச்சு தெளிவு. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கி நகரத்தார் என்கிற செட்டியார்கள் இந்தப் பக்கம் வந்த கதை, அதனால்தான் வீடுகளுக்கு இவ்வளவு உயரமான மேடை என்கிற கதை, 96 ஊராக இருந்தது இப்போது எழுபத்துச் சொச்சம் ஆன கதை, பர்மாவில் வட்டித் தொழில், ரங்கூனிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து மார்பிள், பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி. 1927-இல் காந்தி இந்தப் பக்கம் வந்ததையும் சொன்னார். ஆனால் வந்தவர் இந்த வீடுகளின் மேசை நாற்காலியைப் பார்த்துவிட்டு, காண்ட்ராக்டை என்னிடம் கொடுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவில் இதைவிட வசதியாகச் செய்து தருகிறேன் என்று காரைக்குடியில் கிண்டல் பண்ணினதைச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் விருந்தாளி சிரித்திருப்பான், ஓட்டலுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

மழைத் தண்ணியைப் பற்றிச் சொன்னபோது உண்மையிலேயே அசந்துபோனேன். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்து இறங்குகிறது, மூலைக்கு மூலை தகரத் தூம்பு, கீழே அண்டா. முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடிப்பார்களாம். மிச்சம் முற்றத்துக் கல்லில் போட்ட ஓட்டை வழியாக இறங்கி, தெருக் கால்வாயில் சேர்ந்து, ஊருணிக்குப் போகிறது. இந்த வறண்ட சீமையில் அதைத் திட்டம் போட்டுத் தெருவை இழுத்தவர்களை எத்தனை பாராட்டினாலும் தகும். 2014-இல் இந்த ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்களே, தண்ணிக்காகவே சேர்க்கலாம்.

அப்புறம் அடுப்படிக் கட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பித்தளைக் குடத்தைக் காட்டினார். காலமெல்லாம் இடுப்பில் உட்கார்ந்து ஒரு பக்கம் மட்டும் நசுங்கின குடம். கழுத்தில் எழுத்து வெட்டியிருக்கிறது, வீட்டு விலாசத்தின் முதலெழுத்துகள். பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாக நூல் பின்னின ஒரு சும்மாடு, தலையில் குடம் வைக்க அடியில் போடுகிற வளையம். "பித்தளையில தண்ணி வச்சா கிருமி சாகும்னு நம்ம முன்னோர்களுக்கு அப்பவே தெரியும்" என்றார். கூட வந்த பெங்களூர்க் குடும்பம் ஆஹா என்றது.

அவர் சொன்னது சரிதான். பித்தளையிலும் செம்பிலும் ஊற்றி வைத்த தண்ணியில் வயிற்றுப்போக்குக் கிருமி ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும், சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மண்பானை தண்ணியைக் குளிரவைக்கும், கிருமியைக் கொல்லாது. சரி. அப்படியானால் பித்தளைக் குடம் யாரிடம் இருந்தது, யாரிடம் இருக்கக்கூடாது என்பதும் சுகாதாரக் கதைதானே? இந்த இடத்தில்தான் எனக்குத் தொண்டை அரிக்க ஆரம்பித்தது.

இந்தப் பக்கம் அப்போது ராமநாதபுரம் ஜில்லா. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். 1930 டிசம்பரில் அந்த ஜில்லாவில் ஆதிக்க சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடை போட்டார்கள். அதை எதிர்த்ததற்கு அடுத்த ஜூனில் பதினோரு தடை. 1931 சென்சஸ் கமிஷனர் ஹட்டன் இதை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். நகை போடக்கூடாது, ஆண்கள் சட்டை போடக்கூடாது, பெண்கள் ரவிக்கை போடக்கூடாது என்று போகிற பட்டியல் அது. அதில் என் உத்தியோகத்துக்குச் சம்பந்தப்பட்டவை சில. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் தண்ணியை மண்குடத்தில்தான் எடுக்க வேண்டும், செம்பு பித்தளை கூடாது. சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். செருப்பு போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது.

மானத்தைப் பறிக்கத்தான் இதெல்லாம் என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன், அது உண்மைதான். ஆனால் வேலையில் இருந்தபோது ஒரு நாள் இதை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கொக்கிப்புழு மண்ணிலிருந்து பெரும்பாலும் கால் தோல் வழியாகத்தான் ஏறும், குடலில் போய்க் கடித்துக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும். செருப்பு போடாதே என்றால் அதற்குக் காலைக் கொடு என்று அர்த்தம். ரத்தசோகை பிடித்த பெண் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் தாங்கமாட்டாள். படிக்கக்கூடாது என்றால், நாங்கள் பிற்காலத்தில் சுவரில் எழுதிப்போட்ட 'காய்ச்சிய நீரைப் பருகுங்கள்' யாருக்கு? அந்தப் பட்டியலைப் போட்டவனுக்குக் கிருமியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாமலே ஒவ்வொரு வரியிலும் ஒரு நோயை எழுதிக் கொடுத்திருக்கிறான்.

எங்கள் அப்பத்தா இந்தச் சீமைதான். ஒன்பது பெற்று நாலு தங்கியது. போனதில் மூன்றோ நாலோ 'பேதியில' என்பாள், கணக்கு அவளுக்கே குழம்பும். தெருவில் குழாய் வந்து, வீட்டில் எவர்சில்வர் குடம் வந்த பிறகும் அவள் குழாயடிக்குப் போகும்போது ஒரு பிடி வைக்கோலை உருவி, இரண்டு முறுக்கு முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வாள். பழைய சேலைத்துணி எத்தனையோ கிடக்கும். ஏன் அப்பத்தா என்று கேட்டால் "பழக்கம்டா" என்பாள். அந்தப் பட்டியலைப் படிக்கிற வரைக்கும் நானும் பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் கொட்டவில்லை. "தம்பி, இந்தக் குடத்துல தண்ணி எடுத்தது யாரு?" என்று மட்டும் கேட்டேன். "வேலையாட்கள் சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

அடுத்தது ஊருணி. படிக்கட்டும் சுற்றுச்சுவருமாக நன்றாகவே வைத்திருக்கிறார்கள். குடிதண்ணி ஊருணியில் காலை நனைக்கக்கூடாது, குளிக்க வேறு, மாட்டுக்கு வேறு என்று இருந்த கட்டுப்பாட்டைப் பெருமையாகச் சொன்னார். பெருமைப்படத்தான் வேண்டும். நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய் இருந்தது, இப்போதுள்ளவர்களுக்குப் பெயரே தெரியாது. தண்ணியில் இருக்கிற கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு பூச்சியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய், ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாகக் கிளம்பும். உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி புழு, ஒரு மீட்டர் நீளம்கூட வரும். குச்சியில் சுற்றித் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும், அறுந்தால் தொலைந்தது. எரிச்சல் தாங்காமல் அந்தக் காலைக் கொண்டுபோய் ஊருணியில் வைத்தால் அத்தனை குஞ்சும் தண்ணிக்குப் போய்விடும், மறுபடி ஊரே குடிக்கும். அதனால் காலை நனைக்காதே என்பது வெறும் ஆசாரம் இல்லை, அருமையான சுகாதார விதி. துணியில் வடிகட்டினாலே போதும், மருந்தும் ஊசியும் தேவையில்லை. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-இல், ராஜஸ்தானில். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. எங்கள் டிபார்ட்மெண்டுக்கு இதைவிடப் பெரிய பெருமை பெரியம்மையை ஒழித்தது ஒன்றுதான்.

ஆனால் அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு வரி பாக்கி இருக்கிறது. எத்தனையோ ஊர்களில் காலைக் கழுவினாலும் கழுவாவிட்டாலும் சிலர் அந்தப் படியிலேயே இறங்கக்கூடாது. அவர்களுக்குக் கண்மாய்த் தண்ணி, இல்லையென்றால் மாடு இறங்கிக் கலக்கின குட்டை. தேத்தாங்கொட்டையைப் பானைக்குள் இழைத்துவிட்டால் கலங்கல் தெளியும், தெளிந்த தண்ணியிலும் காலரா இருக்கும். ராபர்ட் காக் 1884-இல் காலராக் கிருமியைக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணியிலேயே கண்டுபிடித்தார். அடுத்த நாற்பது ஐம்பது வருஷத்துக்கு நம் பக்கத்தில் அந்த விஷயம் எந்தத் தெருவரைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரே சாட்சி நம் வசவுதான். 'பேதியில போக', 'கொள்ளையில போக' என்று இன்றைக்கும் திட்டுகிறார்களே, அந்தக் கொள்ளை திருட்டு இல்லை, கொள்ளைநோய்.

இதற்காகப் பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் நோயே இல்லாமல் வாழ்ந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அம்மை யாரையும் விடவில்லை. காரைக்குடி முத்துமாரியம்மன் கோயிலுக்கு எல்லாத் தெருவிலிருந்தும்தான் பால்குடம் போகிறது, முத்து என்பதே அம்மை முத்துதான். இந்த வீட்டிலும் ஒரு இருட்டறையைக் காட்டி, பிரசவ அறை என்றார், ஜன்னல் உள்ளங்கை அகலம். மார்பிள் வாங்கத் தெரிந்த வீட்டிலும் பெண்ணுக்குக் காற்று வரவில்லை. பக்கத்தில் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் பெண்ணைச் சேர்க்கவே தகராறு நடந்து, அதைத் தாண்டி 1912-இல் டாக்டராகி வந்தார். பிரசவத்துக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம் இன்றைக்கும் அவர் பெயரில்தான் வருகிறது, 1987-இல் 300 ரூபாயில் ஆரம்பித்து, ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000 வரைக்கும் வந்தது. பிரசவ அறை வாசலில் நின்று சொல்ல இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. பையன் தொட்டிலின் வேலைப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

போட் மெயிலைப் பற்றியும் இதே கதைதான். ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில், செட்டியார் கொழும்புக் கடைக்குப் போனதைப் படம் மாதிரி சொன்னார். வழியில் மண்டபம் கேம்ப் அவர் கதையில் வரவில்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே இறக்கி, நாள் கணக்கில் அடைத்து, அம்மை குத்தி, பேதி இல்லை என்று பார்த்த பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள்.

கடைசியாகப் பின்வாசல் சந்து. நடையில் இது சேர்த்தி இல்லை, நானாகப் போனேன். பின்சுவரின் அடியில், தரையோடு தரையாக, ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு இரும்புக் கதவு. பச்சைப் பெயிண்ட் அடித்து, முன்னால் இரண்டு பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். இது என்ன என்று கேட்டேன். "காற்றோட்டத்துக்கு சார்." சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எடுப்புக் கக்கூஸ் கதவு அது. உள்ளே இரண்டு கல், கீழே வாளி, வெளியிலிருந்து இந்தக் கதவைத் திறந்து கையை விட்டு இழுக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைக்காமலே வேலை முடிய வேண்டும் என்றுதான் இந்தச் சந்தே. இதைத் தடுக்கச் சட்டம் வந்தது 1993-இல், அது போதாமல் 2013-இல் இன்னொன்று. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவரின் அம்மா இந்த மாதிரிக் கதவுகள் முப்பதை ஒரு காலையில் திறந்திருக்கிறார். மழைக்காலத்தில் கூடை ஒழுகுமாம்.

சந்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, எழுபது இருக்கும், என்னைப் பார்த்து, "என்ன தம்பி, அதப் போயி பாத்துக்கிட்டு நிக்கிறீக?" என்றார். "சும்மாதான் அக்கா. நீங்க ரொம்ப நாளா இங்கயா?" "நா பெரிய ஆச்சி இருக்கையிலயே வந்தவ. இந்தச் சந்து வழியாத்தான் வரப்போக. இப்பத்தான் முன்வாசல்ல வரச் சொல்றாக, போட்டோ எடுக்கிறவுக கேக்குறாகளாம்." கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்றார், மக்களைத் தேடி மருத்துவத்தில். ஒண்ணுக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு தெரு தள்ளி அவர் வீட்டுக்குத்தான் போகிறார். 7,500 ரூபாய் அறை ஒவ்வொன்றிலும் இத்தாலிக் குளியல் தொட்டி இருக்கிறது, வேலை பார்க்கிற பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. இந்த விமர்சனத்தை முதலாளி படித்தால் மற்றதையெல்லாம் விட்டுவிடட்டும், இதை மட்டும் செய்யட்டும்.

அந்தப் பையனிடம் சாயங்காலம் பணியாரத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வாதம் பண்ணுவார் என்று நினைத்தேன், நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். "எனக்குக் கொடுத்த ஸ்கிரிப்ட்ல இதெல்லாம் இல்ல சார், இதச் சொன்னா கெஸ்ட் சங்கடப்படுவாங்களோன்னு" என்றார். சங்கடப்பட்டால் படட்டும், 600 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள், முழுக்கதையும் கேட்க உரிமை இருக்கிறது என்றேன். பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு மண்குடமும் வைக்கோல் சும்மாடும் வைக்கலாமா என்று அவராகவே கேட்டார். சும்மாடு முறுக்க என்னால் சொல்லித்தர முடியும் என்றேன். அதனால் நடைக்கு இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டரை, மண்குடம் வந்த பிறகு போகிறவர்கள் அவர்களாக மார்க் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. தண்ணியில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கிற பழைய குளோரோஸ்கோப் ஒன்று என் பையில் எப்போதும் கிடக்கும், மனைவிக்குப் பிடிக்காது. ராத்திரி பாத்ரூம் குழாய்த் தண்ணியைப் பிடித்து, மருந்தைச் சொட்டு விட்டுப் பார்த்தேன். குளோரின் இருந்தால் மஞ்சளாக மாற வேண்டும், நிறமே மாறாமல் நின்றது. சம்பை ஊற்றுத் தண்ணி குடித்து வளர்ந்த காரைக்குடிக்காரர்கள் குளோரின் வாசம் என்றாலே முகம் சுளிப்பார்கள், தெரியும், ஆனால் இது மேல்தொட்டித் தண்ணி. மேனேஜரைக் கூப்பிட்டு ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம் ப்ளீச்சிங் பவுடர், வாளியில் கரைத்துத் தெளிய வைத்து மேல் தண்ணியை மட்டும் ஊற்றுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு மனைவி டம்ளரை என் பக்கம் தள்ளினாள். நாலு கிராம் சொன்னதற்கு நாற்பது போட்டிருப்பார்கள் போல.